வண்டித் தொட்டிகளில் குடிநீர் நிரப்பும் முறை
(கோவிலூர் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

தண்ணீரை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது நம் நாட்டில் புதிய காரியமன்று. முற்காலத்தில் மண்குடமும் தவலையும் பீப்பாய் வண்டியும் செய்த வேலையை இக்காலத்தில் டிராக்டரின் பின்னே பூட்டிய தொட்டி செய்து வருகிறது. கோவிலூர், காரைக்குடி, குன்றக்குடி ஆகிய ஊர்களைச் சுற்றிலும் கோடைகாலத்தில் இத்தொட்டி வண்டி போகாத பாதை இல்லை. ஒரு வாரம் தென்னங்கன்றுகளுக்கு நீர் ஊற்றுகிறது. மறு வாரம் மருந்து தெளிப்பதற்குத் தண்ணீர் சுமக்கிறது. அதற்கடுத்த வாரம் கலியாண வீட்டுக்கோ கோவில் திருவிழாவுக்கோ குடிதண்ணீர் கொண்டு போகிறது. தை மாதத்தில் பழனிக்குச் செல்லும் யாத்திரைக் கூட்டங்களுக்கும் வழிநெடுக இத்தகைய வண்டிகளே தண்ணீர் அளிக்கின்றன.

இவ்வேலையில் இரண்டு விதமான தீங்குகள் நேரக்கூடும். ஒன்று, நல்ல நீர் கெட்ட தொட்டியில் விழுந்து கெடுவது. மற்றொன்று, தொட்டியிலுள்ள கெட்ட நீர் குழாய் வழியே திரும்பிச் சென்று கிணற்றையே கெடுப்பது. முதலாவதை எல்லோரும் அறிவர். இரண்டாவதை அறிந்தோர் சிலரே. ஆயினும் இரண்டாவதே பெரிய தீங்கு. ஏனெனில் தொட்டி கெட்டால் ஒரு வண்டித் தண்ணீரே வீணாகும், கிணறு கெட்டால் அதை நம்பிய வீடுகள் யாவும் துன்புறும். ஆகவே இக்கட்டுரையில் நீர் நிரப்பும் இடத்தில் கைக்கொள்ள வேண்டிய முறைகளையே விரிவாய்க் கூறுவோம்.

1. ஊருணியில் முன்னோர் கண்ட விதி

செட்டிநாட்டு ஊர்களில் குடிநீர் ஊருணி வேறு, குளிக்கும் ஊருணி வேறு என்று பிரித்து வைத்த வழக்கம் நேயர்கள் அறிந்ததே. குடிநீர் ஊருணியில் துணி துவைப்பதும், மாடு இறக்குவதும், குளிப்பதும் கூடாதென்று ஊரார் கட்டுப்பாடு செய்திருந்தனர். நகரத்தார் வீடுகளில் மழைக்காலத்தில் கூரையிலிருந்து வளவில் இறங்கும் நீரை அண்டாக்களிலும் கிடாரங்களிலும் பிடித்து வைப்பதும் இவ்வாறே சுத்தம் கருதிய வழக்கமாகும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையான விதி ஒன்றேயாகும்: நீரை எடுப்பவன் அந்நீருக்குள் தன்னிடமிருந்து எதையும் திரும்ப விடலாகாது.

இவ்விதியை மீறியதால் விளைந்த கேட்டுக்கு நரம்புச் சிலந்தி என்னும் வியாதி சிறந்த உதாரணம். இவ்வியாதி கண்டவனுடைய காலிலிருந்து நூல் போன்ற புழு வெளிப்படும். எரிச்சல் தாங்காமல் அவன் படிக்கிணற்றிலோ குளத்திலோ காலை நனைத்தவுடன் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றை நீரிலுள்ள மிகச் சிறிய பூச்சிகள் உட்கொள்ளும். அப்பூச்சிகளோடு அந்நீரைக் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அதே வியாதி வெளிப்படும். தண்ணீர் எடுக்க வந்தவனே தண்ணீரைக் கெடுத்தான் என்பது இதனால் விளங்கும். இறங்கி மொள்ளும் படிக்கிணறுகளை மாற்றி இறைக்கும் கிணறுகளாக்கியதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கப் பழக்கியதும், நீரிலுள்ள பூச்சிகளை மருந்திட்டு அழித்ததும் ஆகிய முயற்சிகளால் இவ்வியாதி இந்தியாவில் ஒழிந்தது. கடைசி நோயாளி 1996-ம் வருஷத்தில் காணப்பட்டார். 2000-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நாட்டுக்கு நற்சான்று அளித்தது.

இக்காலத்தில் நாம் கிணற்றில் காலை நனைப்பதில்லை. ஆனால் அதற்குப் பதிலாக ரப்பர்க் குழாயின் நுனியைத் தொட்டிக்குள் அமிழ்த்துகிறோம். இவ்விரண்டுக்கும் பலன் ஒன்றே என்பதை இனிக் காண்போம்.

2. நீர் பின்னோக்கி ஓடும் விதம்

பம்பு செட்டிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே தொட்டி நிரம்பிக் கொண்டிருக்கிறது. குழாயின் நுனி தொட்டி நீருக்குள் மூழ்கியிருக்கிறது. அச்சமயத்தில் மின்சாரம் நின்று விடுகிறது. பம்பின் அடியிலுள்ள புட்வால்வு சரியாய் மூடினால் குழாயிலுள்ள நீர் அப்படியே நிற்கும். புட்வால்வில் ஒரு குச்சியோ கல்லோ சிக்கியிருந்தாலும், அதன் தோல் தேய்ந்திருந்தாலும், குழாயிலுள்ள நீர் தன் பாரத்தினாலேயே கிணற்றை நோக்கி இறங்கத் தொடங்கும். இறங்கும்போது அது தன் பின்னே தொட்டி நீரையும் இழுத்துக்கொண்டு வரும். தொட்டி மேட்டிலும் கிணற்று நீர் பள்ளத்திலும் இருப்பதால் இவ்விழுப்பு தானே நிற்பதில்லை. குழாயின் நுனி நீரைவிட்டு வெளிப்படும் வரையில் ஓடிக்கொண்டேயிருக்கும். தொட்டியில் பூச்சிமருந்து கலந்திருந்தால் அம்மருந்து முழுவதும் கிணற்றில் சேரும்.

ஊராட்சிக் குழாயிலும் இதே அபாயம் உண்டு. மேட்டுத் தெருவில் ஒருவர் குழாய் நுனியைத் தொட்டிக்குள் போட்டு நிரப்பிக் கொண்டிருக்கையில் நீர்வரத்து நின்று, பள்ளத் தெருவில் மற்றொருவர் குழாயைத் திறந்தால், மேட்டுத் தெருத் தொட்டியின் நீர் பள்ளத் தெரு வீட்டுக் குடத்தில் விழும். குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவோர் இவ்வபாயத்தைப் பன்மடங்காக்குகிறார்கள். அவர்கள் உறிஞ்சும்போது குழாயின் வெடிப்புகள் வழியே சாக்கடை நீரும் உள்ளே புகும்.

கோவிலூரில் ஒரு தோப்புக் கிணற்று மேடையில் இதைப்பற்றிப் பேசியபோது, “மோட்டார் மேலே தள்ளிய தண்ணீர் கீழே எப்படி ஐயா வரும்?” என்று ஒரு பெரியவர் வினவினார். அவருக்குச் செய்து காட்டிய பரீக்ஷை வருமாறு. இதை எவரும் எளிதில் செய்து பார்க்கலாம்.

ஒரு வாளியில் மஞ்சள் கரைத்த நீரை ஊற்றி உயரமான திண்ணையில் வைக்க வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் நல்ல நீரை நிரப்பி, ஒரு நுனியை மஞ்சள் நீருக்குள் அமிழ்த்தி, மற்றொரு நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக் கீழே தரையிலுள்ள வெறும் பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரலை எடுத்ததும் முதலில் நல்ல நீரும், அதைத் தொடர்ந்து மஞ்சள் நீரும் பாத்திரத்தில் விழும். வாளி காலியாகும் வரை அது நிற்பதில்லை. பிறகு அதே குழாயில் மறுபடியும் நல்ல நீரை நிரப்பி, மேல் நுனியை மஞ்சள் நீருக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு விரலை எடுத்தால், குழாயிலுள்ள நல்ல நீர் மட்டும் இறங்கும். மேல் நுனி வழியே காற்றுப் புகும். மஞ்சள் நீரில் ஒரு துளியும் வராது. இந்த ஒரு சாண் வெற்றிடமே கிணற்றுக்குக் காவல். இதற்குக் காசு செலவில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

3. பிற இடங்களில் கண்ட அனுபவம்

1933-ம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதைக் காண வந்தோரில் பலர் தங்கிய இரண்டு ஹோட்டல்களில் நல்ல நீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் ஒன்றோடொன்று கலக்கும்படியாக அமைந்திருந்தன. அதன் பயனாக அமீபா சீதபேதி பரவி, ஏறக்குறைய 1,400 பேரைப் பீடித்தது. 98 பேர் மாண்டனர். விருந்தினர்களில் பெரும்பாலோருக்குத் தத்தம் ஊர் திரும்பிய பின்னரே நோய் வெளிப்பட்டது. ஆதலால் காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆயிற்று. நீர் கெட்ட இடம் ஒன்று, நோய் கண்ட இடங்கள் பல. யாத்திரைக் கூட்டங்களுக்குத் தண்ணீர் கொடுப்போர் இதை நன்கு நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் கொடுத்த நீரின் குணம் அவர்கள் கண்முன்னே தெரிய வராது.

நம் நாட்டிலேயே டெல்லி நகரில் 1955-ம் வருஷத்தின் இறுதியில் இதற்கொப்பான சம்பவம் நேர்ந்தது. வெள்ளத்தினால் யமுனை நதியின் ஓட்டம் மாறியபின், சாக்கடைக் கால்வாய் நீர் பின்னோக்கி ஏறி, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் துறையை அடைந்தது. அதிகாரிகள் குளோரின் மருந்தை மிகுதியாய்ச் சேர்த்தனர். அதனால் டைபாய்டு போன்ற நோய்கள் பெருகவில்லை. ஆயினும் மஞ்சட்காமாலை மட்டும் 1956-ம் வருஷத் தொடக்கத்துக்குள் ஏறக்குறைய 29,000 பேருக்குக் கண்டது. நீரைக் கெடவிட்டுப் பின்னர் மருந்திடுவது கெடாமற் காப்பதற்கு ஈடாகாது என்பதே இதனால் பெறும் பாடம்.

4. தொட்டியைப் பற்றி

குடிநீருக்கு ஒரு தொட்டி, மருந்துக்கு ஒரு தொட்டி என்று பிரித்து வைப்பதே முதல் விதி. மருந்து கலந்த தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீருக்கு உதவாது. பிளாஸ்டிக் தொட்டியின் சுவரிலும், ரப்பர் வளையங்களிலும், வால்வின் இடுக்குகளிலும் விஷம் தங்கியிருக்கும். நீரைக் காய்ச்சினாலும் பிளீச்சிங் பவுடர் இட்டாலும் பூச்சிமருந்தின் விஷம் நீங்கும் என்று நம்பலாகாது.

கலம் மாறுவதால் வரும் அபாயத்துக்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1958-ம் வருஷத்தில் கேரளத்தில், சரக்கோடு சரக்காக ஏற்றி வந்தபோது பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து பட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2013-ம் வருஷம் ஜூலை மாதம் பீகார் மாநிலம் சாரண் ஜில்லாவில் ஒரு கிராமப் பள்ளியில் மத்தியான உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது; மருந்து இருந்த கலத்தில் எண்ணெயை வைத்ததே காரணம் என விசாரணை செய்தோர் கூறினர். ஒரு சிறு கலத்தால் இவ்வளவு கேடு விளையுமானால், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

குடிநீர்த் தொட்டியின் மேல் “குடிநீர்” என்று பெரிய எழுத்துக்களில் எழுதி வைக்க வேண்டும். மருந்துத் தொட்டிக்கு வேறு வர்ணம் பூசி, எழுத்தறியாதவரும் பார்த்தவுடன் அறியுமாறு செய்தல் நலம். குடிநீர்த் தொட்டி வெளிச்சம் ஊடுருவாததாய் இருத்தல் அவசியம். வெளிச்சம் புகும் தொட்டியில் பாசி பிடிக்கும். வாய்க்கு இறுகிய மூடி வேண்டும். காற்றுப் போக ஒரு சிறு துவாரம் அமைத்து, அதற்குக் கொசு புகாத சல்லடை கட்ட வேண்டும். இத்துவாரம் இன்றியமையாதது. மூடியை இறுக்கி நிரப்பினால் காற்று வெளியேற வழியின்றித் தொட்டி உப்பும். மூடியை இறுக்கிப் பம்பினால் இறைத்தால் காற்று உட்புக வழியின்றிப் பிளாஸ்டிக் தொட்டி நசுங்கும்.

5. ரப்பர்க் குழாயைப் பற்றி

தொட்டியைத் தேய்த்துக் கழுவும் குடியானவர்களிற் பலர் குழாயைக் கவனிப்பதில்லை. மாட்டுத் தொழுவத்தின் வழியே இழுத்த குழாயும், மருந்துத் தொட்டியில் கிடந்த குழாயும், களத்தில் வெயிலில் கிடந்த குழாயும் ஒரே குழாயாய் இருப்பதுண்டு. குடிநீருக்கென்றே விற்கப்படும் குழாய் ஒன்றை வாங்கித் தனியே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதிலுள்ள நீரை முழுவதும் வடித்து, இரு நுனிகளையும் சுத்தமான மூடியிட்டு அடைத்து, சுருட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். நீர் தங்கிய குழாயினுள் வழவழப்பான அழுக்குப் படியும். அதில் கிருமிகள் பெருகும். நுனியைத் தரையில் போடுவதும், காலால் தள்ளுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடா.

6. நிரப்பும் முறை

முதலாவதாக, தண்ணீர் எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று விசாரிக்க வேண்டும். கண்மாய் நீரும், பூச்சிமருந்து தெளித்த வயலை ஒட்டிய பள்ளக் கிணற்று நீரும் கன்றுகளுக்கு உதவலாம், குடிக்க உதவா. ஆழ்துளைக் கிணறாயினும் அதன் நீரை ஒருமுறை பரீக்ஷை செய்வித்து வைத்திருப்பது நலம். உப்பு முதலிய தோஷங்கள் மருந்திட்டாலும் நீங்குவதில்லை.

இரண்டாவதாக, பம்பு நீர் பிடிக்காத சமயத்தில் புட்வால்வின் கசிவை அடைக்கச் சாணிக் கரைசலை ஊற்றும் வழக்கம் நம் குடியானவர்களிடையே உண்டு. பாசனத்துக்கு இதனால் தீங்கில்லை. குடிநீர்க் கிணற்றிலோ இது முற்றிலும் தகாது. புட்வால்வைப் பழுது பார்த்து, நல்ல நீரை ஊற்றியே பம்பைத் தொடங்க வேண்டும். கசிவுள்ள புட்வால்வே பின்னோட்டத்துக்கு வழி என்பதையும் மறக்கலாகாது. சாணி இட்டு அதை மறைப்பது நோயை மூடி வைப்பதாகும்.

மூன்றாவதாக, பம்பு ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் நீரைச் சில நிமிஷங்கள் வாய்க்காலில் விட வேண்டும். குழாயில் தங்கிச் சூடேறிய நீரும், துருவும், மண்ணும் அதனோடு போய்விடும். நீர் தெளிந்த பிறகே தொட்டியை நிரப்ப வேண்டும்.

நான்காவதாக, குழாயின் நுனி தொட்டியின் நிறைமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இடைவெளி குழாயின் விட்டத்தைப்போல் இருமடங்குக்குக் குறையலாகாது. எவ்வளவு சிறிய குழாயாயினும் ஓர் அங்குலத்துக்குக் குறையலாகாது. இரண்டு அங்குலக் குழாய்க்கு நான்கு அங்குலம் வேண்டும் என்க. குழாய் துள்ளி நீர் சிதறுகிறது என்பதற்காகவே பலர் நுனியை உள்ளே விடுகின்றனர். தொட்டியின் வாய்க்கு மேலே குறுக்காக ஒரு சட்டத்தை வைத்து அதில் நுனியைக் கட்டினால் துள்ளாது. அடிக்கடி வண்டிகள் நிரப்பும் கிணறுகளில், உயர்ந்த இரும்புக் குழாய் ஒன்றை நிலையாக நட்டு, அதன் வளைந்த வாய் தொட்டிக்கு மேலே தொங்குமாறு அமைத்தல் மிகவும் சிறந்தது. அவ்வாறு செய்தால் எவரும் நுனியை நீரில் அமிழ்த்த முடியாது.

ஐந்தாவதாக, மருந்து தெளிப்பதற்கு நீர் எடுப்போர் வெறும் தண்ணீரையே கிணற்றில் நிரப்பிக்கொண்டு, கிணற்றைவிட்டு நூறு அடிக்குக் குறையாத தூரம் சென்ற பின்னரே மருந்தைக் கலக்க வேண்டும். மருந்து டப்பாவைக் கிணற்று மேடைக்குக் கொண்டு வருதலே கூடாது. தெளிப்பானைக் கழுவிய நீரையும் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கண்மாயிலோ ஊற்றலாகாது.

ஆறாவதாக, நிரம்பும் வரையில் ஓர் ஆள் அருகிலேயே நிற்க வேண்டும். வழிந்தோடிய நீர் சேறாகி, வண்டிச் சக்கரத்தடியில் குட்டையாகி, மறுபடியும் கிணற்றுக்குள்ளேயே கசியும். ஈரக் கையோடு மோட்டார்ச் சுவிட்சைத் தொடுவதும் அச்சேற்றில் நின்றுகொண்டு மின்சாரக் கம்பியை இழுப்பதும் உயிருக்கு அபாயம். எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது அதனினும் கொடியது; அதன் புகையிலுள்ள விஷவாயு கிணற்றினுள் தங்கி, இறங்கிய ஆளையும் அவனைத் தூக்க இறங்கிய ஆளையும் கொல்லும்.

7. பிளீச்சிங் பவுடர் இடும் அளவு

புதிய தொட்டியையும், நெடுநாள் உபயோகியாதிருந்த தொட்டியையும் முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு நாள் முழுவதும் மூடி வைக்க வேண்டும். 5,000 லிட்டர் தொட்டிக்கு 750 கிராம் ஆகும். இந்நீரைக் கொண்டே ரப்பர்க் குழாயையும் நிரப்பி வைக்கலாம். மறுநாள் அந்நீரைப் பயிரிலும் குளத்திலும் விடாமல் ஒதுக்குப்புறத்தில் வடித்து, நல்ல நீரால் அலம்ப வேண்டும்.

அன்றாடம் குடிக்கும் நீருக்கு, தெளிந்த நீராயின், 1,000 லிட்டருக்கு 2½ கிராம் போதும். 5,000 லிட்டருக்கு 12½ கிராம். பவுடரை நேரே தொட்டியில் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே குடிக்கக் கொடுக்கலாம். அப்போது லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருத்தல் நலம். சுகாதார ஊழியர்களிடமுள்ள சிறு பெட்டியினால் இதைச் சோதித்துக் கொள்ளலாம். கலங்கல் நீரில் மருந்து வீணாகும். ஆதலால் அதைத் தெளிய வைத்து வடிகட்டிய பிறகே மருந்திட வேண்டும்.

மேற்கூறிய அளவுகள் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் உள்ள புதிய பவுடருக்கே பொருந்தும். திறந்து கிடந்த பழைய பவுடருக்குச் சக்தி குறைவு. காற்றும் வெயிலும் ஈரமும் படாமல் மூடி வைக்க வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு இப்பவுடர் ஒருக்காலும் சேரலாகாது; சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு எழும். தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் ஆள் தனியாய் இறங்கலாகாது. வெளியே ஒருவர் காவல் இருக்க வேண்டும். சிறுவர்களை உடம்பு சிறியதென்று உள்ளே இறக்குவது பெரும் பிழை.

8. வண்டி ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எனவே 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 5 டன் ஆகும். இவ்வளவு பாரத்தைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தினால் கரை சரியலாம். பாதி நிரம்பிய தொட்டி இன்னும் அபாயமானது; திருப்பங்களிலும் திடீரென்று நிறுத்தும்போதும் நீர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மோதி, டிராக்டரையே புரட்டக்கூடும். தொட்டியினுள் தடுப்புத் தகடுகள் அமைத்தால் இம்மோதல் தணியும். இறக்கத்தில் மெல்லச் செல்ல வேண்டும். வண்டியை இணைக்கும் சட்டத்தின் மேல் எவரையும் உட்காரவிடக் கூடாது.

9. யாத்திரை வண்டிகளும் வீட்டு வண்டிகளும்

நகரத்தார் காவடிக் கூட்டம் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கம் பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. இக்கூட்டத்தோடு செல்லும் வண்டிகளும், பிற ஊர் யாத்திரிகர்களின் வேன்களும் வழியிலுள்ள தோட்டக் கிணறுகளில் நீர் நிரப்பிக் கொள்கின்றன. தண்ணீர் தருவது தருமமாகையால் மறுப்போர் இல்லை. ஆயின் தருமம் செய்வோர் தம் குழாயினாலேயே நிரப்பிக் கொடுக்க வேண்டும். வருவோரின் குழாயைத் தம் பம்பில் பூட்டவிடலாகாது. அக்குழாய் முந்தைய ஊரில் எங்கே கிடந்ததென்று யார் அறிவார்?

படுக்கையும் சமையலறையும் கக்கூஸும் அமைந்த மோட்டார் வண்டிகளில் குடும்பத்தோடு பிரயாணம் செய்வதும் இக்காலத்தில் பரவி வருகிறது. கேரள அரசாங்கம் 2021-ம் வருஷத்தில் இத்தகைய காரவான் வண்டிச் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. இவ்வண்டிகளில் நல்ல நீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே வண்டியடியில் அடுத்தடுத்து இருக்கும். கழிவுத் தொட்டியை அலம்பும் குழாயால் நல்ல நீரை நிரப்புதல் மகா பாதகம். ஆகவே இரண்டுக்கும் இரண்டு வர்ணக் குழாய்கள் வேண்டும். முதலில் நல்ல நீரை நிரப்பி மூடி, வண்டியை அப்பால் நகர்த்தி, கை கழுவிய பின்னர், கழிவை அதற்கென ஏற்பட்ட இடத்திலேயே விட வேண்டும். சில வண்டிகளில் நீர் நிரப்பும் வாய் குழாயை இறுகப் பூட்டும்படி அமைந்திருக்கும். அவற்றில் மேற்சொன்ன இடைவெளி விட முடியாது. ஆதலால் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு பொருத்தியிருந்தால் மட்டுமே குழாயைப் பூட்டலாம். இல்லையேல் புனல் வைத்துக் குடத்தால் ஊற்ற வேண்டும்.

டீசல் வாயும் தண்ணீர் வாயும் அருகருகே இருக்கும் வண்டிகளில் வாய் மாறி ஊற்றிவிடுவதும் உண்டு. டீசல் தொட்டியில் நீர் புகுந்துவிட்டால் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாகாது; மெக்கானிக்கை அழைத்து முழுவதும் வடித்த பின்னரே ஓட்ட வேண்டும். நல்ல நீர்த் தொட்டியில் டீசலோ எண்ணெயோ பட்டுவிட்டால் அத்தொட்டி நீரைக் குடிக்காமல் விடுவதே நலம். பிரயாணம் முடிந்ததும் தொட்டியை வடித்து உலர வைக்க வேண்டும். தேங்கிய சுத்த நீரிலேதான் டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது. ஏழெட்டு நாட்களில் முட்டை கொசுவாகிவிடும்.

10. கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஊராட்சித் தலைவரும், செயலரும், கிராம நிர்வாக அலுவலரும் கூடிச் சில ஏற்பாடுகளை எளிதிற் செய்யலாம். ஊரில் வண்டிக்குக் குடிநீர் நிரப்ப ஒரு கிணற்றைக் குறிப்பிட்டு, அங்கே மேலே கூறிய வளைவுக் குழாயை நடச் செய்யலாம். மருந்து தெளிப்புக்கு நீர் எடுக்க வேறொரு கிணற்றைக் காட்டலாம். திருவிழாவுக்கு முன்னர் வாடகைக்கு வரும் தொட்டி வண்டிகளைப் பார்வையிட்டு, முன்பு எதைச் சுமந்தது என்று கேட்டு, சந்தேகமுள்ளதை விலக்கலாம். எந்த வண்டி, எந்தக் கிணற்றில், எந்த நாளில் நிரப்பியது, எவ்வளவு பவுடர் இட்டது என ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பின்னர் எங்கேனும் நோய் கண்டாலும் காரணத்தை விரைவில் அறியலாம். சிக்காகோவில் இல்லாமற் போன சௌகரியம் இதுவே.

கீழ்க்கண்ட விதிகளை எழுதிக் கிணற்று மேடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டி வைக்கலாம்:

(1) குழாய் நுனி தொட்டி நீரைத் தொடலாகாது.
(2) மருந்துத் தொட்டியில் குடிநீர் பிடிக்கலாகாது.
(3) கிணற்றருகில் மருந்து கலக்கலாகாது.
(4) குடிநீர்க் குழாய் தனிக் குழாய். வேலை முடிந்ததும் வடித்து மூடி வைக்க.
(5) முதல் நீரை வாய்க்காலில் விடுக.
(6) 1,000 லிட்டருக்கு 2½ கிராம் பவுடர். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்க.
(7) நிரம்பும் வரை ஓர் ஆள் அருகில் நிற்க.

இவ்வேழு விதிகளில் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றும் இல்லை. தனிக் குழாய் ஒன்றின் விலையும், சிறிது பவுடரும், நிற்கும் ஆளின் கால் மணி நேரமுமே செலவு. இவற்றைக் கைக்கொள்ளும் ஊரில், வழிப்போக்கர்க்கு நீர் கொடுத்த கிணறு மறுநாளும் அவ்வூராரின் குழந்தைகளுக்கு நல்ல நீரையே கொடுக்கும். விதி (1)-ஐ மட்டுமேனும் இம்மாதமே தத்தம் கிணறுகளில் தொடங்குமாறு மிராசுதார்களையும் குடியானவர்களையும் கேட்டுக்கொள்கிறோம். மஞ்சள் நீர்ப் பரீக்ஷையை எந்த ஊரிலேனும் செய்து காட்ட வேண்டுமென்று விரும்புவோர் தத்தம் பகுதி விவசாய அலுவலகத்துக்கு எழுதினால் வேண்டிய ஏற்பாடு செய்யப்படும்.